வால் காட்டினால் சிக்னல் போகிறது: ரிசீவர் ஆண்டெனாவை எப்படி வைப்பது?

புதுச்சிறகு:

வணக்கம். ரேடியோவில் ஓட்டும் மாதிரி விமானம் பற்றிய கேள்வி. ஒன்றரை வருடம் ஃபோம் ட்ரெய்னர் (பழகுவதற்கான விமானம்) ஓட்டிவிட்டு, இரண்டு மாதம் முன்புதான் மோட்டார் கிளைடருக்கு மாறினேன். இறக்கை 2 மீட்டர். மூக்குக் கூடு கண்ணாடி இழை, அங்கிருந்து வால் வரை போகும் குழாய் கார்பன். 2.4 கிகாஹெர்ட்ஸ் செட், 100 மில்லிவாட், ரிசீவரில் இரண்டு ஆண்டெனா.

விமானம் எனக்குக் குறுக்கே பறக்கும்போது ஒரு தொந்தரவும் இல்லை. என்னை விட்டு நேராக விலகிப் போனாலோ, திரும்பி நேராக என்னைப் பார்த்து வந்தாலோ, 200, 250 மீட்டரிலேயே டெலிமெட்ரி (விமானத்திலிருந்து சிக்னல் பலத்தைத் திருப்பிச் சொல்லும் வசதி) அலறுகிறது. போன ஞாயிறு ஃபெயில்சேஃப்பே (சிக்னல் அறுந்தால் ரிசீவர் தானாகப் போகும் பாதுகாப்பு நிலை) ஆகிவிட்டது. மோட்டார் நின்றது, ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளியும் விமானம் கேட்கவில்லை. இரண்டு விநாடிதான். அது தானாகவே இடப்பக்கம் சரிந்து மெல்லத் திரும்பியதும் கட்டுப்பாடு வந்துவிட்டது. இறக்கிய பிறகும் கொஞ்ச நேரம் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

ஆண்டெனா வைத்திருக்கும் விதம்: இரண்டையும் சேர்த்துப் பின்னால் இழுத்து, கார்பன் குழாயின் மேல் நீளவாக்கில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். வெளியே எதுவும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை, பார்க்க சுத்தமாக இருந்தது. கையில் இருக்கும் ட்ரான்ஸ்மிட்டர் ஆண்டெனாவை எப்போதும் விமானத்தைக் குறிபார்த்துத்தான் பிடிக்கிறேன். அது எங்கே போகிறதோ அங்கே திருப்புவேன். இதற்கு மேல் என்ன கவனமாக இருப்பது?

ட்ரான்ஸ்மிட்டரில் 1 வாட் மாட்யூலுக்கு மாறினால் சரியாகிவிடுமா?

சும்மாபறக்கிறேன்:

தம்பி, நான் பத்து வருடமாக ஆண்டெனாவை எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே திணிக்கிறேன். ஒரு நாளும் சிக்னல் போனதில்லை. ரிசீவரில்தான் கோளாறு இருக்கும், மாற்றிப் பாருங்கள். 1 வாட் போட்டாலும் தப்பில்லை.

ஒருமீட்டர்வயர்:

மாட்யூல் வாங்குவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். ரிசீவர் மேலும் எனக்குச் சந்தேகம் இல்லை. நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. குறுக்கே போனால் சரியாக இருக்கிறது, நேராகப் போனால் போகிறது, திரும்பினால் வருகிறது. ரிசீவர் கெட்டுப்போயிருந்தால் திசை பார்த்தா கெடும்?

முதலில் ஒரு கணக்கு. 100 மில்லிவாட் என்பது 20 டிபிஎம், அதாவது 1 மில்லிவாட்டுக்கு 20 டெசிபல் மேலே. பத்து மடங்கு பவருக்கு 10 டெசிபல் என்பது கணக்கு. திறந்த வெளியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை 250 மீட்டர் போவதற்குள் ஏறக்குறைய 88 டெசிபல் குறையும். மிச்சம் -68 டிபிஎம். உங்கள் ரிசீவர் தாளில் உணர்திறன் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், பாருங்கள். எவ்வளவு மெல்லிய சிக்னல் வரை அது பிடிக்கும் என்பதுதான் அந்த எண். இன்றைய ரிசீவர்களில் -105 என்பதெல்லாம் சாதாரணம். அப்படியானால் 37 டெசிபல் கையில் மீதி இருக்க வேண்டும். தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல்தான் போகும். ஆக 37 டெசிபல் மீதி இருக்கிறவன் கிலோமீட்டர் கணக்கில் போகலாம், 250-இல் விழக் கூடாது. அந்த 37-ஐ யார் எடுத்துப் போனார்கள் என்பதுதான் கேள்வி.

சுமை தூக்குகிறவர்கள் தலையில் வைக்கும் சும்மாடு பார்த்திருப்பீர்கள். அதன் ஓட்டையில் ஒரு குச்சியைச் செங்குத்தாகச் செருகுங்கள். குச்சிதான் ஆண்டெனா, சும்மாட்டுத் துணி இருக்கிற இடத்தில்தான் சிக்னல். குச்சியின் பக்கவாட்டில் எந்தத் திசையிலும் ஒரே மாதிரி பலமாக இருக்கும். நுனி காட்டும் திசையில் ஓட்டைதான். ரிசீவர் ஆண்டெனாவுக்கும் இதே வடிவம்தான், பக்கவாட்டில் நன்றாகக் கேட்கும், நுனிப் பக்கம் காது மந்தம்.

இப்போது உங்கள் ஏற்பாட்டைப் பாருங்கள். ட்ரான்ஸ்மிட்டர் ஆண்டெனாவைத் துப்பாக்கி மாதிரி குறிபார்க்கிறீர்கள், அதாவது விமானம் எங்கே இருக்கிறதோ அங்கே ஓட்டையைக் கொண்டுபோய் வைக்கிறீர்கள், அதுவும் விடாமல் பின்தொடர்ந்து. அங்கே 15, 20 டெசிபல் போயிற்று. விமானம் குறுக்கே பறக்கும்போது அதன் ஆண்டெனாக்களின் பக்கவாட்டு உங்களுக்குத் தெரிகிறது, அதனால் மிச்சத்தை வைத்து ஓடிவிடுகிறது. வால் காட்டியதும் அவற்றின் நுனியும் உங்களைப் பார்க்கின்றன. இன்னொரு 15, 20. இரண்டு ஓட்டையும் நேருக்கு நேர் வந்துவிட்டன. 37 தீர்ந்தது. கார்பன் விழுங்குவதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

1 வாட் போட்டால் கூடுவது 10 டெசிபல்தான். ஒரு நுனியின் பள்ளத்தைக் கூட அது நிரப்பாது. 20 டெசிபல் பள்ளத்தைப் பவரால் மூட வேண்டுமென்றால் 100 மடங்கு ஏற்ற வேண்டும். ஆண்டெனாவை 90 டிகிரி மடக்கினால் அதே லாபம் சும்மா கிடைக்கிறது.

இரண்டு ஆண்டெனா ரிசீவரில் இரண்டு இருப்பதே, ஒன்று மந்தமாகும்போது மற்றது கேட்கட்டும் என்றுதான். இரண்டையும் ஒரே திசையில் ஒட்டினால் ஒன்று மந்தமாகும் அதே நொடியில் மற்றதும் மந்தம். இரண்டாவதைக் கத்தரித்து எறிந்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. என் பெயரைப் பாருங்கள். நான் தொடங்கியது 72 மெகாஹெர்ட்ஸ் காலத்தில். அந்த அலையின் கால் நீளமே ஒரு மீட்டருக்கு மேல் வரும். ரிசீவரிலிருந்து அவ்வளவு நீள வயர் ஒன்று கிளம்பி, உடம்பைத் தாண்டி வால் நுனியில் கட்டியது போக, மீதி காற்றில் ஆடும். என் முதல் பால்சா விமானத்துக்கு மூன்று வாரம் உட்கார்ந்து படலம் ஒட்டியிருந்தேன். அதன் பின்னால் இந்த வயர் நூல் பிரிந்த மாதிரி தொங்கியது எனக்குப் பொறுக்கவில்லை. வால் வரை அளந்து, தொங்கிய மிச்சத்தை அறுத்துவிட்டேன். தரையில் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன், சர்வோ (சுக்கான்களை அசைக்கும் குட்டி மோட்டார்) எல்லாம் ஜம்மென்று ஆடின. மேலே ஏற்றினேன். இரண்டாவது வட்டத்திலேயே சர்வோக்கள் உதறத் தொடங்கின. விமானம் முள்புதரில் தலைகுப்புற. எடுத்து வந்து பார்த்தால் வால் மட்டும் ஒரு கீறல் இல்லாமல், வயரோடு, நான் அளந்து வெட்டிய அதே அழகோடு இருந்தது.

சுத்தமாக இருந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது அந்த வால்தான் ஞாபகம் வந்தது.

மின்மினி:

ஒருமீட்டர்வயர் சார் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் இடம் மாற்றுவதற்கு முன் ஆண்டெனாவையே ஒரு தடவை பாருங்கள். நான் ரேடியோ பழுது பார்க்கிறவள். பறப்பது என்னைவிட மற்றவர்களுக்கு நன்றாகத் தெரியும், வயர் எனக்குத் தெரியும்.

ரிசீவரிலிருந்து வரும் மெல்லிய கறுப்பு வயர் முழுக்க ஆண்டெனா என்று பலரும் நினைக்கிறார்கள். அது வெறும் கேபிள். நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் பிளாஸ்டிக், அதன் மேல் பின்னல் கவசம், அதற்கும் மேல் உறை. நுனியில் மட்டும் கவசத்தை உரித்து ஒரு மெல்லிய துண்டை விட்டிருப்பார்கள், அளந்தால் 31 மில்லிமீட்டர் பக்கம் வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு. உழைப்பது அந்தத் துண்டு மட்டும். கேபிள் பாகத்தை பேட்டரி ஓரமாகவோ கார்பன் மேலோ கொண்டுபோகலாம், கவலையில்லை. முறித்து மடக்காமல் இருந்தால் போதும். அந்த 31 மில்லிமீட்டரைத்தான் நேராக, வெட்டாமல், சுருட்டாமல், உலோகத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

நகத்தை மெதுவாக வயர் நெடுக ஓட்டிப் பாருங்கள். எங்காவது பள்ளமாகவோ தட்டையாகவோ தட்டுப்பட்டால் உள்ளே பின்னல் நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம். மூடிக்கு அடியில் மாட்டி நசுங்குவது சகஜம்.

அடுத்து ரிசீவர் பலகையில் கேபிள் மாட்டும் குட்டி வட்டக் கனெக்டர். சரியாக உட்காரும்போது டிக் என்று விரலுக்குத் தெரியும். பாதி உட்கார்ந்தாலும் பார்வைக்கு மாட்டிய மாதிரியே இருக்கும். அடிக்கடி கழற்றி மாட்டுவதற்காகச் செய்ததல்ல, 30 தடவை என்பதுதான் அதன் கணக்கு. கழற்றும்போது கேபிளைப் பிடித்து இழுக்காமல் கனெக்டர் தலைக்கு அடியில் கொடுத்து நெம்பி எடுங்கள். மாட்டியபின் ஒரு சொட்டு பசையோ சின்ன டேப்போ போட்டால் தரையில் இறங்கும் அதிர்ச்சியில் கழலாது.

புதுச்சிறகு:

ஐயோ. கண்ணைத் திறந்துவிட்டீர்கள். குறிபார்த்துப் பிடிப்பது அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மின்மினி அக்கா, நகத்தை ஓட்டினேன். ஒரு வயர் மூக்கு மூடியின் விளிம்பில் நசுங்கி, உறை வெடித்து, உள்ளே பின்னல் தெரிகிறது. இன்னொன்று நன்றாக இருக்கிறது. ரிசீவரில் இருக்கிற இரண்டில் ஒன்று முடம், இன்னொன்று கார்பன் மேல் படுத்திருக்கிறது. நசுங்கியதற்குப் புது ஆண்டெனா மாற்றப் போகிறேன்.

ஆனால் எங்கே வைப்பது? கூட்டுக்குள் முன்னால் பேட்டரி, அதற்குப் பின்னால் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை), பிறகு இரண்டு சர்வோ, கடைசியில் ரிசீவர். அதற்குப் பிறகு கார்பன் தொடங்கிவிடுகிறது. இறக்கையிலும் கார்பன் முதுகெலும்பு ஓடுகிறது.

ஒருமீட்டர்வயர்:

கார்பன் இழை மின்சாரம் கடத்தும். அலைக்கு அது ஒரு கறுப்புச் சுவர். கண்ணாடி இழை, கெவ்லார், ஃபோம், பால்சா எல்லாம் அலைக்குக் கண்ணாடி மாதிரி, தாண்டிப் போய்விடும். அதனால்தான் போட்டிக் கிளைடர்கள் பலவற்றில் உடம்பு முழுக்கக் கார்பனாக இருந்தாலும் மூக்கை மட்டும் கெவ்லாரிலோ கண்ணாடி இழையிலோ செய்கிறார்கள். உங்கள் கூடு கண்ணாடி இழை என்பது அதிர்ஷ்டம். ஒன்று மட்டும் பாருங்கள், அலங்காரத்துக்கு வெள்ளி நிற உலோக ஸ்டிக்கர் ஏதும் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள்.

நான் செய்வது இப்படி இருக்கும். முதல் ஆண்டெனா மேல் நோக்கி. மூடிக்குப் பின்னால், இறக்கைக்கு முன்னால் ஒரு சின்னத் துளை. அதில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செங்குத்தாக ஒட்டி, 31 மில்லிமீட்டர் துண்டு முழுக்கக் கூட்டுக்கு மேலே வரும்படி குழாய்க்குள் செருகுங்கள். வயிற்றுப் பக்கம் வேண்டாம். கிளைடர் வயிற்றால்தான் இறங்குகிறது, முதல் இறக்கத்திலேயே தேய்த்து எடுத்துவிடும். இரண்டாவது ஆண்டெனா குறுக்கே. இறக்கையின் முன்விளிம்புப் பக்கம், கார்பன் முதுகெலும்பு தொடாத இடத்தில், இறக்கை நீளும் திசையிலேயே படுக்கட்டும். இறக்கையைக் கழற்றி மாட்டும்போது அறுந்துவிடும் என்று பயமாக இருந்தால், கூட்டின் பக்கச் சுவரில் துளை போட்டு அங்கேயே இன்னொரு குழாயை நீட்டுங்கள்.

இப்படி வைத்தால் ஒன்று செங்குத்து, ஒன்று படுக்கை, நடுவே 90 டிகிரி. எந்தத் திசையில் இருந்து பார்த்தாலும் இரண்டு நுனியும் ஒரே நேரத்தில் உங்களைப் பார்க்க முடியாது. நேராக விலகும்போதும் வரும்போதும் இரண்டுமே பக்கவாட்டைக் காட்டும், உங்களுக்கு அடிபட்டதே அந்தத் திசைதான்.

90 டிகிரிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அலைக்கும் நிற்பது, படுப்பது என்று உண்டு. நிற்கும் ஆண்டெனா அனுப்புவதைப் படுத்த ஆண்டெனா சரியாக வாங்காது. 45 டிகிரி சாய்வுக்கு 3 டெசிபல்தான் நஷ்டம், முழு 90 ஆனால் 20-க்கும் மேல் போகலாம். அதனால் கோணமானி வைத்து அளக்க வேண்டியதில்லை, 70 டிகிரி வந்தாலும் விமானம் கோபித்துக்கொள்ளாது. இரண்டும் ஒரே திசையில் படுக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கார்பனிலிருந்து எவ்வளவு தூரம் என்று அடுத்துக் கேட்பீர்கள். உழைக்கும் துண்டின் நீளம் அளவாவது, அதாவது 3 சென்டிமீட்டர், தள்ளியிருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன். பேட்டரியும் ஈஎஸ்சியும் கூட நிழல் போடும். இரண்டு ஆண்டெனாவும் ஒரே நிழலுக்குள் விழாதபடி பிரித்து வையுங்கள்.

ட்ரான்ஸ்மிட்டர் பக்கம்: ஆண்டெனாவைக் கணுவில் மடக்கி நேர் மேலே நிறுத்துங்கள். விமானம் தலைக்கு மேலே வரும்போது நுனி அதைப் பார்க்குமே என்று தோன்றும். தலைக்கு மேலே என்றால் கிட்டத்தில் இருக்கிறது, தாங்கும். சிலர் பக்கவாட்டில் படுக்க வைப்பார்கள், அதுவும் சரி. ஆனால் நுனி காட்டும் ஓரத்தில் தூரமாக ஓட்டாதீர்கள். இன்னொன்று, உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், தண்ணீர் இந்த அலையைக் குடிக்கும். விமானத்துக்கு முதுகைக் காட்டி நின்று பேசிக்கொண்டே ஓட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

சும்மாபறக்கிறேன்:

சரி, நானே கேட்கிறேன். நான் எதுவும் செய்யாமலே பத்து வருடம் ஓடியது எப்படி?

ஒருமீட்டர்வயர்:

உங்கள் விமானங்கள் எல்லாம் ஃபோம், தூரம் 150 மீட்டர் தாண்டியதில்லை என்று நீங்களே முன்னொரு முறை எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தூரத்தில் 40 டெசிபலுக்கு மேல் மீதி இருக்கும். பாதியை வீணடித்தாலும் தெரியாது. கார்பன் விமானம் வாங்கும் அன்றைக்கு இந்தத் திரியைத் தேடி வருவீர்கள், காத்திருக்கிறேன்.

சும்மாபறக்கிறேன்:

ஹாஹா. ஆனால் ஒன்று கேட்கணும். போன மாதம் வழக்கத்தைவிடத் தூரத்தில் தாழ்வாக ஒரு சுற்று அடித்தேன், அலாரம் வந்தது. அதே தூரத்தில் மேலே ஏறியதும் போய்விட்டது. அங்கே மரம்கூட இல்லை.

ஒருமீட்டர்வயர்:

தரை. கண்ணுக்கு விமானம் தெரிகிறது என்பதால் அலைக்கு வழி திறந்திருக்கிறது என்று ஆகாது. உங்களுக்கும் விமானத்துக்கும் நடுவே அலை ஒரு சுருட்டு வடிவ இடத்தைக் கேட்கும், நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கி. 400 மீட்டர் தூரத்துக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் அதன் நடுப்பகுதி ஆரம் மூன்றரை மீட்டர். நீங்கள் இடுப்பு உயரத்தில் ட்ரான்ஸ்மிட்டரைப் பிடித்துக்கொண்டு, விமானத்தை 2 மீட்டர் உயரத்தில் ஓட்டினால் சுருட்டின் கீழ்ப்பகுதி மண்ணுக்குள் போய்விடுகிறது. கூடவே தரையில் பட்டுத் திரும்பும் அலையும் வந்து கெடுக்கும். தூரத்தில் அலாரம் கேட்டால் நான் முதலில் செய்வது ஏற்றுவது, திருப்புவது பிறகுதான்.

புதுச்சிறகு, வேலை முடிந்ததும் நேராகப் பறக்கப் போகாதீர்கள். ட்ரான்ஸ்மிட்டரில் ரேஞ்ச் செக் என்று பவரைக் குறைக்கும் வசதி இருக்கும். அதைப் போட்டு 30 மீட்டர் தள்ளி நில்லுங்கள். விமானத்தைத் தரையில் வைக்காமல் ஒருவர் தோள் உயரத்தில் பிடித்துக்கொள்ளட்டும். மூக்கு, வால், இரண்டு இறக்கை நுனி, வயிறு, முதுகு என்று ஒவ்வொன்றாக உங்கள் பக்கம் காட்டச் சொல்லி, டெலிமெட்ரி காட்டும் சிக்னல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மைனஸில் பெரிதானால் மோசம். சராசரி வேண்டாம், இருப்பதிலேயே மோசமான எண் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மோட்டார் ஓட்டி ஒரு தடவை, நிறுத்தி ஒரு தடவை. ஓட்டும்போது பிடிப்பவர் ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் இருக்க வேண்டும், இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்று இல்லை. இடத்தை மாற்றுவதற்கு முன்பும் இதே சோதனையை ஒரு தடவை செய்துவிடுங்கள், ஒப்பிட வேண்டுமே.

மின்மினி:

ஒரு வரி சேர்க்கிறேன். துண்டை ஒட்ட டேப்போ குழாயோ போதும். சூடான பசையை அந்த 31 மில்லிமீட்டர் மேலே கொட்டாதீர்கள், கேபிள் பாகத்தில் ஒட்டினால் போதும். அப்புறம், ட்ரான்ஸ்மிட்டர் ஆண்டெனாவைக் கழற்றி வைத்துக்கொண்டு ஆன் செய்து பார்க்காதீர்கள். போகும் பவர் போக இடமில்லாமல் திரும்பி வந்து உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயரைச் சுட்டுவிடலாம்.

புதுச்சிறகு:

முடித்துவிட்டேன். கணக்கைச் சொல்கிறேன்.

மாற்றுவதற்கு முன் சோதனை: குறைந்த பவரில் 30 மீட்டரில் இறக்கை நுனியை என் பக்கம் காட்டினால் -74. வாலைக் காட்டினால் -97-க்கும் -100-க்கும் நடுவே குதித்தது, சர்வோ இரண்டு முறை தயங்கியது. தம்பிதான் பிடித்துக்கொண்டு நின்றான். வால், இறக்கை, வால், இறக்கை என்று நான் கத்த, அவன் சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்துப் போனான்.

மாற்றிய பிறகு: வால் -72, மூக்கு -75, இறக்கை நுனி -73. மோசமான பக்கம் இப்போது வயிறு, -83. இரண்டு ஆண்டெனாவுக்கும் கீழே பேட்டரி இருப்பதால் என்று நினைக்கிறேன். அதை முன்னால் 4 சென்டிமீட்டர் தள்ளியதும் -79 ஆனது. ஈர்ப்பு மையம் கெட்டுவிட்டதால் வாலில் ஈயம் ஒட்ட வேண்டி வந்தது, அது வேறு கதை.

இன்று காலை பறந்தேன். 250-இல் அலாரம் வந்த அதே வழியில் 500 மீட்டர் வரை நேராக விட்டுப் பார்த்தேன், டெலிமெட்ரி வாயே திறக்கவில்லை. குழாய் ஒன்று மூக்குக்குப் பின்னால் கொம்பு மாதிரி நிற்கிறது. தம்பி விமானத்துக்கு ஒற்றைக் கொம்பன் என்று பெயர் வைத்துவிட்டான்.

ஒரு பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. விமானம் தூரம் போகப் போக, கை தானாக ட்ரான்ஸ்மிட்டரைத் தூக்கி அதைக் குறிபார்க்கிறது. கணுவை 90 டிகிரியில் மடக்கி, நிமிர்த்த முடியாதபடி டேப் சுற்றிவிட்டேன்.